கருணையா, கடனா?

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள், திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. மகிழ்ச்சியின் ஞாயிறு என்று திருச்சபை அந்நாளை அழைக்கிறது. காலைத் திருப்பலி முடிந்து நாம் திருவுடை களைந்துகொண்டிருந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர் வாயிலில் வந்து நின்றார். அச்சகம் ஒன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மயிலாப்பூரில் மூன்றாம் மாடியில் துணைவியாரோடு வாழ்பவர். அவர் கையில் நியாய விலைக் கடையின் டோக்கன் இருந்தது.

"சாமி, ஒரு சந்தேகம். எங்க வீட்டுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி வரலை. ரெண்டு நாள் கரண்டு இல்லை, அவ்வளவுதான். இந்த ஆறாயிரத்தை நாங்க வாங்கலாமா?" என்று கேட்டார்.

மிக்ஜாம் புயலால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குத் தலா 6,000 ரூபாய் வழங்கப்படும் எனத் தமிழக அரசு டிசம்பர் 9ஆம் நாள் அறிவித்திருந்தது. அந்த ஞாயிறன்றுதான் வேளச்சேரியில் முதலமைச்சர் திரு. மு. க. ஸ்டாலின் அத்தொகையை வழங்கத் தொடங்கினார். சென்னையையும் அண்டை மாவட்டங்களையும் சேர்ந்த 24 இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்ப அட்டைகளுக்கு உரிய உதவி அது. நீர் புகுந்த வீடு, புகாத வீடு என்று சென்னையில் வேறுபாடு பார்க்கப்படவில்லை.

முதியவருக்கு நாம் உடனே விடை சொல்லவில்லை. "அடுத்த வாரம் பேசுவோம், ஐயா" என்று அனுப்பிவைத்தோம். கேள்வி கடினமானது என்பது மட்டும் அதற்குக் காரணம் அன்று. பத்து நாள்களுக்கு முன் நம் பங்கு மண்டபத்தில் நிகழ்ந்த ஒன்று நம் நாவைக் கட்டியிருந்தது.

ஏட்டில் இல்லாதவர்

டிசம்பர் 3ஆம் நாள் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அன்றைய நற்செய்தி மாற்கு 13ஆம் அதிகாரத்தில் உள்ளது. நெடும்பயணம் செல்லும் வீட்டுத் தலைவர் பணியாளர் ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலையைப் பகிர்ந்தளித்து, வாயில் காவலரை விழித்திருக்கச் சொல்லிச் செல்கிறார். விழிப்பைப் பற்றி நாம் நீண்ட மறையுரை ஆற்றினோம். புயலோ அவ்வேளை வங்கக் கடலில் நம் கரையை ஒட்டி நகர்ந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி அறிவிப்புகளின் இறுதியில் ஒரு வரி சொன்னோம். அன்றிரவும் மறுநாளும் பெய்த மழையைச் சென்னை மறக்காது. விமான நிலையம் மூடப்பட்டது. வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் நாள்கணக்கில் நீர் வடியவில்லை. மக்கள் படகில் மீட்கப்பட்டனர். 5ஆம் நாள் ஆந்திரத்தின் பாபட்லா அருகே புயல் கரையைக் கடந்தது. அது விட்டுச் சென்ற நீர் நம்மிடம் தங்கியது.

நம் பங்கின் எல்லைக்குள் பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய தெரு ஒன்று உண்டு. அங்கே இடுப்பளவு நீர் நின்றது. பங்கு மண்டபத்தைத் திறந்தோம். கஞ்சியும் சோறும் சமைத்தோம். இளையோரும், வின்சென்ட் தே பவுல் சபையினரும், அருள்சகோதரிகளும் உறக்கமின்றி உழைத்தனர். நீர் வடியத் தொடங்கியதும், திரட்டிய அரிசியையும் போர்வைகளையும் வழங்க நாள் குறித்தோம். கூட்டம் மிகும், சண்டை வரும் என்று அஞ்சி ஒழுங்கு ஒன்றை வகுத்தோம். பங்கின் குடும்ப ஏட்டில் பெயர் இருப்போர்க்கு ஒரு வரிசை. பிற சமயத்தாருக்கு, அத்தெருவின் முகவரியிட்ட குடும்ப அட்டை இருந்தால், மற்றொரு வரிசை. அந்த ஒழுங்கை எழுதியவர் நாமே.

வரிசையில் ஒரு பெண் நின்றார். வீட்டு வேலை செய்து பிழைப்பவர். வெளி மாவட்டத்திலிருந்து வந்து, கால்வாய்த் தெருவில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, இரு பிள்ளைகளோடு வாழ்ந்தவர். அவர் பெயர் நம் ஏட்டில் இல்லை. குடும்ப அட்டையோ ஊரில், மாமனார் பெயரில். மேசையில் இருந்த இளைஞர் பணிவாகத்தான் மறுத்தார். அப்பெண் பத்தடி தொலைவில் நின்ற நம்மை நோக்கி, "தண்ணி உள்ள வரும்போது கார்டு கேக்கலையே, ஃபாதர்" என்றார்.

குரலில் சினம் இல்லை. நாமோ கைப்பேசியைப் பார்ப்பவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டோம். மீண்டும் நிமிர்ந்தபோது அவர் வரிசையில் இல்லை. மண்டபத்தில் அன்று மாலை பதினாறு அரிசிப் பைகள் எஞ்சியிருந்தன.

அன்று தொடங்கிய ஒரு கேள்வி இன்றுவரை நம்மை விடவில்லை. பேரிடரில் துன்புறுவோருக்கு நாம் தருவது கருணையா, கடனா? அரசு தருவது எது?

ஒரு சொல்லின் பொருள்

பேரிடரில் உயிரோ உடைமையோ இழந்தவர்க்கு அரசு வழங்கும் தொகையை ஆங்கில ஆணைகள் 'எக்ஸ் கிராசியா' என்று குறிக்கும். குருமடத்தில் இலத்தீன் கற்றவர்க்கு இச்சொல் பழகியது. 'கிராசியா' என்றால் அருள். தகுதி பாராமல், கேட்க உரிமை இல்லாதவர்க்கும் தரப்படுவது. தமிழ் ஆவணங்கள் இதனைக் 'கருணைத் தொகை' என்கின்றன.

கடவுளிடமிருந்து நாம் பெறுவது அருள்தான்; அதில் நமக்கு உரிமை எதுவும் இல்லை. ஆனால் அரசின் கருவூலம் எவருடைய சொந்தச் செல்வமும் அன்று. தீப்பெட்டி வாங்கும் ஏழையும் அதில் தம் காசைப் போட்டிருக்கிறார். அக்கருவூலத்திலிருந்து, துன்ப வேளையில், அவருக்கே திரும்பி வருவதை அருள் என்று அழைப்பது எவ்வாறு பொருந்தும்?

நாட்டின் சட்டமும் இத்திசையிலேயே நகர்ந்திருக்கிறது. ஆழிப்பேரலையின் துயரத்திற்குப் பின் இயற்றப்பட்ட 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், தன் 12ஆம் பிரிவில், துன்புற்றோர்க்கான நிவாரணத்தின் குறைந்தபட்ச அளவுகளை வகுக்குமாறு தேசிய ஆணையத்தைப் பணித்தது. உறைவிடம், உணவு, குடிநீர், மருத்துவம், கழிப்பிட வசதி ஆகியவற்றோடு உயிரிழப்புக்கான உதவித் தொகையும் அதில் அடங்கியிருந்தது. கொரோனாவில் இறந்தோரின் குடும்பங்கள் தொடர்பான வழக்கில், 2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம், இவ்வாறு வகுப்பது ஆணையத்தின் விருப்பம் அன்று, கடமை என்று தீர்ப்பளித்தது. பெயர் கருணையாகவே நின்றாலும், அதைத் தீர்மானிப்பது கட்டாயமாயிற்று.

திருச்சபையின் போதனை இதில் இன்னும் தெளிவானது. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தந்தையான பெரிய கிரகோரியார், தேவையில் உள்ளோர்க்குத் தேவையானதைத் தரும்போது நாம் நம்முடையதை ஈவதில்லை, அவர்களுடையதைத் திருப்பித் தருகிறோம் என்று கற்பித்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம், 1965இல் வெளியிட்ட பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றிய ஏட்டின் 8ஆம் பத்தியில், நீதியின்படி கொடுக்க வேண்டியதை அன்பின் கொடையாகக் காட்டக் கூடாது என எச்சரித்தது. நம் தமிழ் மரபுக்கும் இவ்வேறுபாடு புதிதன்று. வள்ளுவர் 'ஈகை' என்னும் அதிகாரத்திற்கு முன்னே 'ஒப்புரவறிதல்' என்று தனி அதிகாரம் வைத்தார். இல்லாதவர்க்கு இரங்கி ஈவது ஒன்று. ஊரோடு ஒத்து வாழ்பவர் ஊருக்குச் செய்ய வேண்டியதை அறிந்து செய்வது வேறொன்று.

நீரின் வழியை அடைத்தவர் யார்?

'மழை கடவுள் தந்தது. அதற்கு அரசு எவ்வாறு கடன்படும்?' என்று கேட்போர் உண்டு. மழை கடவுள் தந்ததுதான். ஆனால் அது தேங்கி நிற்கும் இடங்களைத் தேர்ந்தவர்கள் மனிதர்கள்.

தியாகராய நகர் 1920களில் உருவானபோது, அதற்கு நிலம் தந்தது மாம்பலத்தின் நீண்ட ஏரி. மேற்கு மாம்பலத்தில் இன்றும் ஏரிக்கரையின் பெயர் தாங்கிய சாலை உண்டு, ஏரிதான் இல்லை. மயிலாப்பூரை ஒட்டிச் செல்லும் பக்கிங்காம் கால்வாயின் உள்ளேயே பறக்கும் இரயிலின் தூண்கள் நிற்கின்றன. தென் சென்னையின் வெள்ளத்தை வாங்கிக்கொள்ள இயற்கை வைத்திருந்த பள்ளிக்கரணைச் சதுப்பில் மாநகரின் குப்பை கொட்டப்பட்டது. சாலைகளும் கட்டடங்களும் எழுந்தன. 2022இல் அச்சதுப்பு உலக ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது மகிழ்ச்சிக்குரியது. அதற்குள் அதன் பெரும்பகுதி சுருங்கிவிட்டது. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரத்தையும் சைதாப்பேட்டையையும் மூழ்கடித்ததைப் பற்றி இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர் அளித்த அறிக்கை 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நீர் திறந்த முறையைச் சுட்டிக்காட்டி, அவ்வெள்ளம் மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றே அது கூறிற்று.

அவ்வெள்ளத்திற்குப் பின் நடந்ததையும் எண்ணிப் பார்ப்போம். ஆற்றோரக் குடிசைவாசிகள் ஆக்கிரமிப்பாளர் எனப்பட்டு, பெரும்பாக்கத்தின் அடுக்கு மாடிகளுக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் வேலை செய்த வீடுகளும், பிள்ளைகள் படித்த பள்ளிகளும் நெடுந்தொலைவாயின. பெரும்பாக்கமும், முன்னரே ஏழைகள் குடியேற்றப்பட்ட செம்மஞ்சேரியும் அந்தச் சதுப்பை அடுத்த தாழ்நிலங்கள். பின்வந்த பெருமழைகளில் அவையும் நீர் சூழ நின்றன. ஆற்றின் கரையில் குடிசை போட்டவர் குற்றவாளி. ஏரிக்குள் வீடு கட்டிய நாம் நகரவாசிகள். இந்த வேறுபாட்டை நீர் அறியாது. நம் சட்டமும் வழக்கமும் அறிந்து செய்தவை.

ஆகவே நிவாரணம் பெரும்பகுதி கடனே. நீரின் வழியை அடைக்க அனுமதி தந்தவரும், அனுமதியால் பயனடைந்தவரும் சேர்ந்து தீர்க்க வேண்டிய கடன். அந்த இரண்டாம் கூட்டத்தில் மாடி வீட்டு மயிலாப்பூரும் அடையாறும், நம் பங்கு இல்லமும் அடங்கும்.

கடன் என்று சொல்லிவிட்டால் நன்றி மறைந்துவிடுமோ என்று சிலர் அஞ்சுவர். மறையாது. கழுத்தளவு நீரில் மின்கம்பம் ஏறிய ஊழியரையும், பிற மாவட்டங்களிலிருந்து வந்து நம் தெருச் சேற்றை அள்ளிய தூய்மைப் பணியாளரையும், 2015இல் தம் படகுகளைக் கொண்டுவந்து முன்பின் அறியாதவரை மீட்ட மீனவரையும் நன்றியோடுதான் நினைக்கிறோம். அவர்கள் தம் உடலைத் தந்தார்கள், அது கொடைதான். பொதுப் பணத்தைத் தருவோர் கேட்கும் நன்றியோ வேறு வகை. 2015இல் நிவாரணப் பொட்டலங்கள்மேல் தலைவரின் படம் ஒட்டப்பட்டதாகச் செய்திகள் வந்தன. 2024இல், மிக்ஜாம் புயலுக்கும் தென் மாவட்ட வெள்ளத்துக்கும் சுமார் 37,900 கோடி ரூபாய் கேட்டு மாநில அரசு ஒன்றிய அரசின்மேல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க நேர்ந்தது. தந்ததாய்ப் பெயர் பெறப் பலர் வருவர். தர வேண்டியவர் யார் என்ற கேள்வி எழுந்தால் ஆளுக்கொரு திசை காட்டுவர். கடனைக் கருணை என்று அழைக்கும்வரை இது தொடரும்.

இவ்வளவும் எழுதிய பின், நம் மண்டபத்தின் மேசை நினைவுக்கு வருகிறது. அரசின் பட்டியல் குடும்ப அட்டையால் ஆனது. அட்டை இல்லாதவர் விண்ணப்பிக்க அரசு ஒரு வழியேனும் வைத்தது. நாம் வைத்த ஒழுங்கில் அந்த வழியும் இல்லை.

எழுவர்

திருச்சபையின் முதல் நிர்வாகச் சிக்கலே ஒரு நிவாரணப் பங்கீட்டில் எழுந்தது என்பதை நாம் போதிய அளவு எண்ணுவதில்லை. திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரம் அதைச் சொல்கிறது. எருசலேமில் அன்றாடப் பங்கீட்டின்போது கிரேக்க மொழி பேசியோரின் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை. எவரும் அவர்களை வெறுத்ததாக நூல் கூறவில்லை. அவர்கள் வேற்றூரிலிருந்து வந்தவர்கள். வேறு மொழி பேசுபவர்கள். பங்கிட்டவர்களின் கண்ணில் அவர்கள் படவில்லை. நம் கால்வாய்த் தெருப் பெண்ணும் அப்படித்தான்.

முணுமுணுப்பு எழுந்தபோது திருத்தூதர்கள் செய்தது என்ன? 'இலவசமாய்த் தருவதில் குறை காண்கிறீர்களா?' என்று அவர்கள் சினக்கவில்லை. முறையீட்டை முறையீடாகவே ஏற்றார்கள். கொடையில் பங்கு குறைந்தால் வருந்தலாம், முறையிட முடியாது. உரிமையில் குறைந்தால்தான் முறையிட முடியும். திருத்தூதர்கள் செவிசாய்த்ததிலேயே, அந்த அன்றாட உணவு கைம்பெண்களுக்கு உரியது என்ற ஏற்பு அடங்கியிருக்கிறது.

பின்னர் எழுவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா: இப்பெயர்கள் யாவும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்டவர்களின் பக்கத்திலிருந்தே பங்கிடுவோர் வந்தனர் என்று அறிஞர் கருதுவதற்கு இதுவே காரணம். எவர் கண்ணில் அக்கைம்பெண்கள் படுவார்களோ அவர் கையில் பட்டியல் தரப்பட்டது. பவுலடியாரும் எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டிய பெருந்தொகையைத் தனியே கொண்டு செல்லவில்லை. எவரும் குறை கூறாதவாறு சபைகள் தெரிவு செய்த துணைவரையும் உடன் சேர்த்துக்கொண்டார். கடவுள் முன்னிலையில் நேர்மை போதாது, மனிதர் முன்னிலையிலும் வேண்டும் என்பது கொரிந்தியருக்கு அவர் எழுதிய இரண்டாம் திருமுகத்தின் 8ஆம் அதிகாரத்தில் உள்ள படிப்பினை.

அருளடையாளமும் மறையுரையும்போல் பட்டியலும் ஆன்மிகப் பொருளே. யார் பெயர் எழுதப்படுகிறது, யார் எழுதுகிறார், விடுபட்டவர் எங்கே போய்ச் சொல்வார் என்பவற்றில்தான் நம் அன்பு உண்மையா என்பது தெரியும்.

முதியவருக்குச் சொன்ன விடை

ஒரு வாரம் கழித்து முதியவரிடம் பேசினோம். கால்வாய்த் தெருப் பெண்ணைப் பற்றியும், நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பற்றியும் முதலில் சொன்னோம். அதைச் சொல்லாமல் அறிவுரை கூற நமக்கு நாவெழவில்லை. பின்னர் அவர் கேள்விக்கு வந்தோம்.

அத்தொகையைப் பெறுவது களவு அன்று. வீடு வீடாக ஆராய்ந்தால் காலம் கடந்துவிடும், நனைந்தவர் பலர் விடுபடுவர் என்று கருதி அரசு வலையை அகல விரிப்பது நியாயமே. அதனுள் நனையாதவரும் அகப்படுவது தெரிந்தேதான் நடக்கிறது. வாங்க வரிசையில் நிற்பவரை இழிவாகப் பேச எவர்க்கும் உரிமை இல்லை. மூன்றாம் மாடிக்காரரின் கையிருப்பை நாம் அறியோம். ஆனால், உடைமையை வைத்திருப்பது தனியுரிமை ஆயினும் அதன் பயன் பொதுவானது என்பது புனித தோமா அக்குவினாரின் போதனை. நாம் அடையாத இழப்புக்காக நம் கைக்கு வந்த பணம், அந்த இழப்பை அடைந்தவர்க்காக நம்மிடம் ஒப்படைக்கப்பட்டதே. அதை வேண்டாம் என்று விட்டுவிடலாம், கருவூலத்தில் தங்கும். வாங்கி, பட்டியலில் விடுபட்டவரிடம் சேர்க்கலாம், அது மேலானது.

"அப்போ அது நம்ம தர்மக் கணக்குல வராது, இல்லையா சாமி?" என்றார், கணக்கெழுதிப் பழகியவர். வராது என்றோம். சற்று நேரம் பேசாமல் இருந்து, "அந்தப் பொண்ணு வீடு எது?" என்று கேட்டார்.

இருவரும் சென்றோம். அட்டை இல்லாதோர்க்கான விண்ணப்பத்தை நிரப்பித் தரலாம் என்பதும் நம் எண்ணம். அறை பூட்டியிருந்தது. நீர் வடிந்த மறுவாரமே அவர் பிள்ளைகளோடு வெளியேறிவிட்டதாகப் பக்கத்து வீட்டார் கூறினர். எந்த ஊருக்கு என்று எவருக்கும் சொல்லிச் செல்லவில்லை. முதியவர் தம் உறையை அதே தெருவில், தையல் இயந்திரம் நீரில் கெட்டுப்போன ஒருவரிடம் கொடுத்தார். நம்மிடம் எஞ்சிய பதினாறு பைகளும் அத்தெருவுக்கே போயின. எனினும் அப்பெண்ணுக்கு நாம் பட்ட கடன் தீரவில்லை. பிறருக்குச் செய்ததை அவருக்குச் செய்ததாகக் கணக்கெழுத முடியாது. மிகச் சிறியோருள் ஒருவருக்குச் செய்யாததைப் பற்றி ஆண்டவர் கேட்கும் நாளில், அந்தப் பூட்டிய கதவின் முன்தான் நாம் நிற்போம்.

2024 நவம்பர் 30ஆம் நாள் பெஞ்சல் புயல் வந்தது. மறுநாள் மீண்டும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதன் பெருங்கொடுமையை விழுப்புரமும் கடலூரும் தாங்கின. சென்னை ஒரு நாள் மழையோடு தப்பியது. ஆயினும் அம்முறை நம் மண்டபத்தில் வேறோர் ஏடு இருந்தது. வீட்டு வேலை செய்யும் பெண்கள் மூவரும், கால்வாய்த் தெருவின் வாடகைக் குடியிருப்போர் இருவரும், அன்பியப் பொறுப்பாளர் இருவருமாக எழுவர் அதைக் கோடையிலேயே எழுதி முடித்திருந்தனர். கதவு கதவாய்ச் சென்று எழுதிய ஏடு அது. அதில் சமயத்திற்கும் அட்டைக்கும் கட்டம் இல்லை. கதவு எண், உள்ளிருப்போர் எத்தனை பேர், நடக்க இயலாதவர் உண்டா என்ற மூன்றே கட்டங்கள்.

அவ்வேட்டின் முதல் பக்கத்தில் ஒரு வரியை வெறுமையாக விடச் சொன்னோம். ஏன் என்று இளையோர் கேட்டனர். பூட்டிய அறைக்கு உரியவர் திரும்பி வந்தால் எழுதிக்கொள்ள என்றோம்.